பிள்ளை அடம்பிடித்தால்: வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஆறு வழிகள்

வேலைக்குப் போகும் அப்பா அம்மாவுக்கும் பிள்ளைக்கும் முட்டிக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் இரண்டு: காலையில் பள்ளி வேன் வருவதற்கு முந்தைய அரை மணி, இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி. இருவருக்குமே பொறுமை மிகக் குறைவாக இருக்கும் நேரங்கள் இவை.

எட்டு வயதுப் பையன் கையில் போன். “போனை வைடா.” பதில் இல்லை. “எத்தனை வாட்டி சொல்றது?” “முடியாது, போ!” அப்பாவின் குரல் ஏறுகிறது, தலையணை பறக்கிறது. கடைசியில், “சரி, இன்னும் பத்து நிமிஷம்தான்.” வீடு அடங்கிவிடுகிறது. ஆனால் கத்தினால் காரியம் நடக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அப்பா கற்றுக்கொண்டார். நாளைக்கும் இதேதான் நடக்கும். வீடுகளுக்கே சென்று குடும்பங்களைக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன், 1982-இல் வெளிவந்த நூலில் இந்தச் சுழலை விரிவாக விளக்கினார். பிள்ளை மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சுழலை உடைக்கும் முதல் அடியைப் பெரியவர்தான் எடுத்துவைக்க வேண்டும்.

1. வந்ததும் ஏவாதீர்கள்

வீட்டுக்குள் நுழைந்ததும் “ஹோம்வொர்க் முடிச்சியா?” என்று தொடங்க வேண்டாம். முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அலுவலக அழைப்பு மிச்சமிருந்தால், எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2. ஒருமுறை சொல்லுங்கள், அருகில் போய்ச் சொல்லுங்கள்

சமையலறையிலிருந்து கத்துவது காதில் ஏறாது. பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: “போனை மேசை மேல வை.” “வைக்கிறியாப்பா?” என்று கேட்டால் “மாட்டேன்” என்பதும் ஒரு பதில்தான். சொன்னபின் ஐந்து விநாடி பேசாமல் நில்லுங்கள். வைத்துவிட்டால், “சொன்ன உடனே வெச்சிட்டியே, நல்லது” என்று அப்போதே பாராட்டுங்கள்.

3. விளைவை முன்பே பேசி வையுங்கள்

கோபத்தில் “இனி ஒரு மாசத்துக்குப் போனே கிடையாது” என்போம். இரண்டாம் நாளே கொடுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அமைதியாக உட்கார்ந்து, காப்பாற்ற முடிந்த சிறிய விதியைச் சொல்லுங்கள்: நேரத்துக்கு வைக்காவிட்டால் மறுநாள் போன் இல்லை. தாத்தா, பாட்டிக்கும் சொல்லிவிடுங்கள். விதியை நடைமுறைப்படுத்தும் முதல் சில நாள்களில் அடம் கூடும். அதைக் கண்டு பின்வாங்கினால், இன்னும் உரக்கக் கத்தவே பிள்ளை பழகும்.

4. தினமும் ஐந்து நிமிடம் கொடுங்கள்

ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் உருவாக்கிய பயிற்சிமுறையில் பெற்றோருக்குத் தரப்படும் அன்றாட வீட்டுப்பாடம் இது. ஐந்து நிமிட விளையாட்டு. அதைப் பிள்ளைதான் நடத்த வேண்டும். கேள்வி, கட்டளை, குறை எதுவும் கூடாது. அன்றைக்கு அவன் சண்டை போட்டிருந்தாலும் இதைப் பறிக்காதீர்கள்.

5. தினமும் அதே சண்டையா? அவனையே கேளுங்கள்

காலையில் ஷூ போட மறுப்பவனுக்கு லேஸ் கட்ட வராமல் இருக்கலாம்; வகுப்பில் யாரோ கேலி செய்யலாம். முடிந்தால் பிள்ளைகள் ஒழுங்காகவே நடப்பார்கள் என்பது உளவியலாளர் ராஸ் கிரீனின் அடிப்படை நம்பிக்கை. சண்டை இல்லாத நேரத்தில், “காலைல எது கஷ்டமா இருக்கு?” என்று கேட்டு, சொல்வதை முழுதாகக் கேளுங்கள். பையையும் யூனிபார்மையும் முந்தின இரவே எடுத்து வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

6. கை ஓங்காதீர்கள், உதவி கேளுங்கள்

அடி அந்த நேரத்துக்கு அடக்கும். வலுத்தவன் கைதான் மேலே என்பதையும் கூடவே கற்றுக்கொடுக்கும். கோபம் தலைக்கேறினால், “ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பேசலாம்” என்று சொல்லிவிட்டு வேறு அறைக்குப் போங்கள். எரிச்சல், எதிர்ப்பு, பழிவாங்கும் குணம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, பள்ளியையும் நட்பையும் பாதித்தால் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஆறையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இன்றிரவு ஐந்து நிமிட விளையாட்டு மட்டும் போதும்; விதிகளை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளுங்கள்.