சிறுநீரில் திரும்பத் திரும்ப ரத்தமா? மலையூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவருக்குச் சிறுநீர் சிவந்து போனால், வீட்டில் முதலில் சொல்வது ‘உடம்புச் சூடு’. இளநீரும் நீர்மோரும் குடிப்பார். மறுநாள் தெளிந்துவிடும், இளநீருக்கு நல்ல பெயர் கிடைக்கும். சில மாதம் கழித்து மறுபடி சிவக்கும்.

சிறுநீரில் வரும் ரத்தம் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி இருந்தாலும் விட்டுவிட்டுத்தான் வரும். தேடலுக்குப் பெரிய இடைஞ்சல் இதுதான்: ரத்தம் போகும் நாளில் நோயாளி மலைமேல் இருக்கிறார்; கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் போய்ச் சேரும் நாளில் சிறுநீர் தெளிந்திருக்கிறது. காரணம் தெரிய வேண்டுமானால் சிவக்கும் நாளைக் கோட்டைவிடக் கூடாது.

முதல் படி: ரத்தம்தானா என்று பாருங்கள்

பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை ஆரஞ்சு நிறமாக்கும். மாதவிலக்கு நாட்களில் எடுத்த சிறுநீர் பரிசோதனைக்கு உதவாது. நின்று சில நாள் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும்.

கடும் உழைப்பும் ஒரு காரணம். பழக்கமில்லாமல் மூட்டை சுமந்து மேடேறிய பிறகு சிவந்து, இரண்டு மூன்று நாளில் தெளிந்தால் அது உழைப்பால் வந்ததாக இருக்கலாம். அப்போதும் ஓய்வுக்குப் பிறகு பரிசோதித்து உறுதி செய்யுங்கள். தசை நொறுங்கினாலும் நிறம் மாறும்: பரிசோதனைப் பட்டை ‘ரத்தம்’ என்று காட்டும், நுண்ணோக்கியில் சிவப்பணு இருக்காது. அது வேறு நோய், உடனே கவனிக்க வேண்டியது.

இரண்டாம் படி: சிவந்த அன்றே குறித்து வையுங்கள்

நல்ல மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அன்றைக்கு மட்டும்தான் உங்களிடம் இருக்கும். கண்ணாடி டம்ளரில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

தொடக்கத்தில் மட்டும் சிவந்தால் சிறுநீர்க்குழாய்ப் பக்கம் சந்தேகம். கடைசிச் சொட்டுகள் மட்டும் சிவந்தால் சிறுநீர்ப்பையின் கழுத்து, ஆண்களுக்குப் புராஸ்டேட். முழுவதும் ஒரே நிறம் என்றால் சிறுநீரகமாகவும் இருக்கலாம், சிறுநீர்ப்பையாகவும் இருக்கலாம். புழுப்போல நீண்ட ரத்தக்கட்டி மேலே சிறுநீரகப் பக்கமிருந்து இறங்கியது. ரத்தக்கட்டி வந்தாலே சிறுநீரக வடிகட்டியின் நோய் என்ற சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடும். பளிச்சென்ற சிவப்பா, கட்டங்காப்பி நிறமா என்பதையும் எழுதுங்கள். இடுப்பில் வலி, கடுப்பு, காய்ச்சல், முந்தின நாள் தொண்டை வலி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ‘அதனால்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. மாத்திரை பல சமயம் உள்ளே ஒளிந்திருக்கும் நோயைத்தான் வெளியே காட்டுகிறது. அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மூன்றாம் படி: எளிய பரிசோதனை, ஆனால் புதிய சிறுநீர்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டை நனைத்துப் பார்ப்பார்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தின் அடிப்படையும் இந்த எளிய பட்டைதான். அதோடு நிற்காமல் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பார்வைப் புலத்தில் மூன்று சிவப்பணுவோ அதற்கு மேலோ இருந்தால் அது கணக்கில் வரும் ரத்தம்.

வீட்டில் காலையில் பிடித்த புட்டியைப் பையில் வைத்து பஸ்ஸில் சேலம் கொண்டுபோவது வீண். சில மணி நேரத்தில் அணுக்கள் உடைந்துபோகும், வடிவமும் கெடும். ஆய்வகத்திலேயே பிடித்துக் கொடுங்கள். கூடவே ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர். கல்ச்சர் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதுதான் பல நோய்கள் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக் காரணம்.

நான்காம் படி: வடிகட்டியா, குழாயா?

சிவப்பணுக்கள் கோணல்மாணலாக இருந்து, புரதமும் கூடவே போனால் கோளாறு பெரும்பாலும் வடிகட்டியில்; நெஃப்ராலஜி மருத்துவரிடம் போக வேண்டும். சளி, தொண்டை வலி வந்த ஓரிரு நாளில் காப்பி நிறமாகப் போவது ஐஜிஏ என்ற வடிகட்டி நோயின் அடையாளம். வேலூர் சிஎம்சி 2015-லிருந்து இந்த நோயாளிகளை ஒரு குழுவாகத் தொடர்ந்து கவனித்து ஆய்வு செய்கிறது. தேவைப்பட்டால் பயாப்ஸிதான் உறுதி சொல்லும். குடும்பத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர், இளவயதிலேயே காது மந்தமானவர் உண்டா என்றும் சொல்லுங்கள். அல்போர்ட் என்ற பரம்பரை நோய் அப்படித்தான் தலைமுறை தாண்டி வருகிறது.

மலைமக்கள் கேட்க வேண்டிய இன்னொரு பரிசோதனை, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறுக்கானது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபுக்கூறு இருப்பது 1952-இல் வெளியானது. வேறெந்தத் தொல்லையும் இல்லாதவருக்கும் இதனால் வலியில்லாமல் ரத்தம் போகலாம். சேர்வராயன் மலையில் இது பரவலாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தீரும் சந்தேகம், அவ்வளவே.

ஐந்தாம் படி: சேலத்தில் செய்ய வேண்டியது

அணுக்கள் உருண்டையாக, புரதம் இல்லாமல் இருந்தால் கோளாறு பெரும்பாலும் குழாய்ப் பக்கம்; யூராலஜி மருத்துவரிடம் போக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வயிற்று ஸ்கேன் கல்லையும் பெரிய கட்டியையும் காட்டும். சிறுநீர்ப்பையில் உள்ள சின்னக் கட்டியையும், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் உள்ளதையும் அது தவறவிடலாம். ‘ஸ்கேன் நார்மல்’ என்ற தாளோடு வீட்டுக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். கல் ஒன்று தெரிந்துவிட்டால் தேடலை அங்கேயே நிறுத்துவதும் அதே தவறு. நாற்பது தாண்டியவர், பீடி சிகரெட் பிடிப்பவர், சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர் கண்ணுக்குத் தெரிய ரத்தம் போயிருந்தால் சிடி யூரோகிராமும், சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுக் கண்ணால் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் கேட்டே ஆக வேண்டும். பீடி நுரையீரலோடு நிற்பதில்லை. அதன் நச்சு சிறுநீர்ப்பையில்தான் வந்து தேங்குகிறது.

எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாதவர்கள், ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே சிஸ்டோஸ்கோப்பி செய்ய முடியுமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இடது குழாயிலிருந்து இறங்குகிறதா, வலதிலிருந்தா என்பது அப்போது கண்ணால் தெரியும். ரத்தநாளக் கோளாறு, நாளம் நசுங்குதல் போன்ற அரிய காரணங்களைத் தேடும் பக்கம் அதனால் பாதியாகக் குறையும்.

கடுப்பும் சீழும் இருந்து கிருமி வளரவில்லை என்றால்

காசநோயை நினையுங்கள். சிறுநீரகத்திலும் அது வரும், இருமலே இல்லாமல். அடுத்தடுத்து மூன்று நாள் அதிகாலைச் சிறுநீரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் வராமல் போவது, ரத்தத்தோடு குளிர்காய்ச்சல், மயக்கம், பிள்ளைகளுக்கு முகவீக்கம். இவற்றுக்குப் படி எதுவும் கிடையாது, 108-ஐ அழையுங்கள்.

கடைசிப் படி: எதுவும் கிடைக்காவிட்டால்

முழுதாகத் தேடியும் சிலருக்குக் காரணம் தெரியாமலே போகும். அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர், ரத்த அழுத்தம், கிரியாட்டினின் பாருங்கள். அறிக்கைகளை ஒரே உறையில் வையுங்கள். மறுபடி கண்ணுக்குத் தெரியச் சிவந்தால் பழைய ‘நார்மல்’ செல்லாது, தேடலைப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள்.