தன்னை அளந்தறியும் நாடு

அரசியல் என்பது ஆணையிடுதல் மாத்திரமன்று, ஆணையிடுமுன் ஆராய்தலுமாம். திருவள்ளுவனார் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்து, ஒரு வினையால் இழப்பது யாது, பெறுவது யாது, முடிவில் எஞ்சும் பயன் யாது எனச் சீர்தூக்கிய பின்னரே அதனில் இறங்குமாறு பணித்தார். இக்காலத்தார் பொருளாதார, சமூகக் கொள்கை ஆய்வு எனப் பெயரிட்டு வழங்குவதும் இதனையே. உணவுக்கு மானியம் அளிப்பதா, வரியை எவர்மீது சுமத்துவது, எவ்வூரில் மருத்துவமனை அமைப்பது என்னும் வினாக்களுக்கு விருப்பு வெறுப்பின்றிக் கணக்கோடு விடை காண்பதே அவ்வாய்வு. வளர்ந்துவரும் நாடுகள் இத்திறனைத் தமக்கென ஈட்டிக்கொள்வது எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விடுதலையடைந்த நாடுகள் பலவற்றுக்கும் ஒரு குறை பொதுவாக இருந்தது. அந்நிய ஆட்சியார் விட்டுச்சென்ற ஏடுகளில் ஏற்றுமதியான பொருளின் நிறையும் சுங்கத்திற் சேர்ந்த பணமும் செவ்வனே பதியப்பட்டிருந்தன. ஆயின், ஓர் உழவர் குடும்பம் மாதமொன்றில் என்ன உண்டது, எவ்வளவு கடன்பட்டது என்பவற்றை அவ்வேடுகளிற் காண்பது அரிது. ஆள்வோர் எதனைக் கருதினரோ அதனையே எண்ணினர். எனவே, புதிய அரசுகள் திட்டந் தீட்டப் புகுந்தபோது முதலில் வேண்டப்பட்டது தம் மக்களைத் தாமே காணும் கண்ணாகும்.

அக்கண்ணைத் தன் முயற்சியாற் பெற்றதற்கு இந்தியா நல்லதொரு சான்று. கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகவியற் பேராசிரியராயிருந்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ், புள்ளிவிபரவியலைத் தம் ஆர்வத்தாற் பயின்றவர். 1926 ஆம் ஆண்டில் ஒரிசாவின் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைத்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டமையே காரணம், ஆதலாற் கரைகளைப் பல அடி உயர்த்துதல் வேண்டும் என்பது பொறியியலாளர் கருத்து. மகாலனோபிஸ் அறுபது ஆண்டுக்காலப் பதிவுகளை ஆராய்ந்து, அடித்தளம் உயரவில்லை என்றும், மேற்புலத்துப் பெருமழையே காரணம் என்றும், அங்கு அணை கட்டுதலே தக்க வழி என்றும் காட்டினார். பழைய ஏடுகளைப் பொறுமையோடு புரட்டிய ஒருவரின் உழைப்பு, பெரும் பொருளை வீணிற் செலவிடாது தடுக்க வல்லதாயிற்று. கொள்கை ஆய்வின் பயனுக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

1931 டிசம்பரில் அவர் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அக்கல்லூரியின் பௌதிகவியற் பகுதியிலேயே அது தொடங்கிற்று. முதலாண்டுச் செலவு 238 ரூபா மாத்திரமே. வங்காளத்துச் சணற் பயிரின் அளவை மதிப்பிட அவர் மாதிரி அளவை முறையைக் கையாண்டார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் அறிந்ததே. ஆயின், பானையின் மேற்புறத்துச் சோற்றை மாத்திரம் எடுத்துப் பார்ப்பவன் ஏமாறுவான். எப்பகுதிச் சோறும் கைக்கு அகப்படக்கூடியதாய் இருத்தல் வேண்டும். வீதியோரத்து வயல்களை மாத்திரம் அளப்பவனும் அத்தகையனே. இதனைக் கருதி எவ்விடத்தை அளப்பது என்பதை அளப்போர் விருப்பத்திற்கு விடாது, குருட்டு வாய்ப்பினாலேயே தெரிந்தனர். மேலும், இரு குழுவினர் ஒருவரையொருவர் சாராது தனித்தனி அளந்துவர, இருவர் கணக்கையும் ஒப்பிட்டுப் பிழை காணும் முறையையும் மகாலனோபிஸ் வகுத்தார். இவ்வடித்தளத்தின் மீதே 1950 இல் இந்தியத் தேசிய மாதிரி அளவை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே பிற ஆசிய, ஆபிரிக்க நாட்டினரும் வந்து பயிலத்தக்க அனைத்துலகப் புள்ளிவிபரவியற் கல்வி நிலையமும் கல்கத்தாவில் அமைந்தது. கற்றவன் கற்பிப்பவனாதலே திறன் வளரும் நெறி.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1950 இல் நிறுவப்பட்ட மத்திய வங்கி, 1953 இல் நுகர்வோர் நிதி ஆய்வை முதன்முதல் நடத்தி, இல்லங்களின் வரவையும் செலவையும் ஆராய்ந்தது. 1959 இற் பத்தாண்டுத் திட்டம் வெளிவந்தது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் யோவான் றொபின்சன், நிக்கலஸ் கால்டோர், குன்னார் மிர்டால் முதலிய பொருளியற் பேரறிஞர் இங்கு வந்து ஆலோசனை நல்கினர். கால்டோர் பரிந்துரைத்த செலவு வரி சட்டமாயிற்று. ஆயினும் ஈட்டிய வருவாய் சிறிதாகவும் செயற்படுத்தும் தொல்லை பெரிதாகவும் இருந்தமையால் சில ஆண்டுகளுட் கைவிடப்பட்டது. அறிஞர் அறிவைக் குறைகூறுவது எம் கருத்தன்று. விருந்தினர் தரும் விதை சிறந்ததாயினும், அது இம்மண்ணில் முளைக்குமா என்பதை மண்ணில் வாழ்வோரே ஆராய்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

எண்ணும் பணி தடைப்பட்டால் விளைவது யாது என்பதை வடபுலத்தார் நன்கறிவர். 1871 முதல் நடைபெற்றுவந்த குடிசன மதிப்பு, 1981 இன் பின் 1991 இல் நடைபெறவேயில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மாத்திரமே அது முழுமை பெற்றது. வட மாகாணத்து ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையும் எஞ்சின. நாடு முழுவதையும் தழுவிய கணக்கு 2012 இலேயே மீண்டும் கிடைத்தது. முப்பத்தோராண்டு! அக்காலத்திற் பிறந்தோர், இறந்தோர், ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் பெயர்ந்தோர் எத்துணையர்! முழுமையான கணக்கில்லாதவிடத்துப் பள்ளிக்கூடம் எத்தனை, வைத்தியர் எத்தனை பேர் வேண்டும் என்பதை ஊகத்தாலன்றி எதனால் உறுதிசெய்வது? எண்ணப்படாத மக்கள் திட்டத்தில் இடம்பெறுதல் அரிது. மக்களை எண்ணுதல் அவர்களை மதித்தலின் முதற்படி என யாம் கூறுவது இதனாலேயே.

ஆகவே, கொள்கை ஆய்வுத் திறன் மூன்று உறுப்புக்களை உடையது. நேர்மையாக எண்ணுதல் ஒன்று. எண்ணியதை முறையாக ஆராய்தல் மற்றொன்று. ஆராய்ந்து கண்டதை ஆள்வோர் விரும்பாவிடினும் அஞ்சாது எடுத்துரைத்தல் மூன்றாவது. முன்னைய இரண்டும் கல்வியால் வரும். மூன்றாவது ஒழுக்கத்தால் வருவது. கணக்குகளைப் பொதுமக்கள் கண்டு ஆராயத்தக்கவாறு வெளியிடும் வழக்கத்தால் நிலைபெறுவது.

இத்திறனுக்குரிய பயிற்சி பல்கலைக்கழகத்தில் தொடங்குவதன்று, பள்ளியிலேயே தொடங்குவது. எம் மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகள் சிலவற்றைச் சார்பின்றித் தெரிந்தெடுத்து, மாதந்தோறும் நீர்மட்டத்தை அளந்து, மாரிக்கும் கோடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் எழுதிவைப்பாராக. இரு மாணவர் தனித்தனி அளந்து ஒப்பிடுவாராக. கணக்கு அறிந்த பழைய மாணவர் அவ்வேடுகளைப் பார்த்துப் பிழை திருத்துவாராக. ஆண்டுகள் பத்துக் கழியின், நிலத்தடி நீரைப் பற்றி எவர் என்ன திட்டம் கொணரினும், அது தகுமோ தகாதோ என எடுத்துரைக்கும் சான்று இவ்வூரார் கையில் இருக்கும். விழாக் கொண்டாடும் கல்லூரிக்கு இதனினும் சிறந்த காணிக்கை யாதுளது?