இரட்டை எழுத்துக் காசு: குறை டையிலா, பிரஸ்ஸிலா?

பழைய காசு சேர்ப்பவர்களிடம் 'இரட்டை அச்சு' என்று சொன்னால் போதும், விலை ஏறிவிடும். ஆனால் எழுத்து இரண்டாகத் தெரிகிற காசெல்லாம் இரட்டை அச்சு ஆகிவிடாது. மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இது சுலபமாகவே புரியும்.

புடைப்பு உருவம் கொண்ட ஹப்பை மிருதுவான எஃகில் அழுத்தித்தான் அந்தக் காலத்தில் டை செய்தார்கள். ஒரே அழுத்தில் உருவம் முழுசா இறங்காது, எஃகு இறுகிவிடும். அனீல் பண்ணி மறுபடி அழுத்த வேண்டும். இரண்டாம் தடவை ஹப் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் போச்சு! டையிலேயே இரண்டு உருவம். அது அடிக்கிற ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை அப்படியே வரும்.

1955இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் லிங்கன் சென்ட்டுக்கு நடந்தது இதுதான். கண்டுபிடிப்பதற்குள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டதால், சுமார் 20,000க்கு மேல் வெளியே போய்விட்டன. சிகரெட் பாக்கெட்டோடு வைத்த மீதிச் சில்லறையாகக்கூடப் போயிருக்கிறது! அதில் ஆண்டும் வாசகங்களும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். பின்பக்கம், 'சென்ட்' என்பதன் கடைசி எழுத்துக்கு இடப்புறம் மெல்லிய கோடு இருக்கிறதா என்றும் லென்ஸில் பாருங்கள். அந்த டையின் அடையாளம் அது.

விடுதி நண்பர் ஒருவர் 3,000 ரூபாய் கொடுக்க இருந்த 1955 சென்ட்டில் கடைசி 5 மட்டுமே லேசாக இரட்டித்திருந்தது. அது தேய்ந்த டையின் வேலை. 'ஏழையின் இரட்டை அச்சு' என்று அமெரிக்காவில் அதைக் கேலி செய்வார்கள். வாங்க வேண்டாம் என்றேன். அடிக்கும்போது டை ஆடினாலும் இரட்டை மாதிரித் தெரியும். ஆனால் அது எழுத்தின் ஓரத்தை நசுக்கித் தட்டையான படி போல விட்டுவிடும். அசலில் இரண்டு எழுத்துமே உருண்டு புடைத்து, முனைகள் பிளந்து நிற்கும்.

அடுத்தது தரம். 1949இல் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையுள்ள அளவுகோல்தான் இன்றைக்கும். 60க்கு மேல் என்றால் புழங்காத காசு. முதலில் தேய்வது மேடுதான்: லிங்கனின் கன்னம், தாடை, பின்பக்கத்துக் கோதுமைக் கதிரின் கோடுகள். மேடு மழுங்கியிருந்தால் உடனே தேய்மானம் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே பிறவிப் பளபளப்பு இருந்தால், அடி சரியாக விழவில்லை என்று அர்த்தம். பளபளப்பும் போயிருந்தால்தான் தேய்மானம்.

தயவுசெய்து புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேல்தோல் ஒருமுறை போனால் திரும்ப வராது, விலையும் வெகுவாகக் குறைந்துவிடும்.