டாக்டர் பேர் எங்கே?

தில்லியில் ஓர் ஆட்டோ ஓட்டுநர். வயது முப்பது. முன்தலையில் வழுக்கை. பெண் பார்க்கப் போன இடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது மனத்தை அரித்தது.

ஒரு நாள் சந்தையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அதில் இரண்டு படங்கள். ஒன்றில் வழுக்கைத் தலை. மற்றதில் அடர்ந்த முடி. 'இந்த வாரம் பாதி விலை. தவணையிலும் கட்டலாம்' என்று எழுதியிருந்தது.

அவருடைய அக்கா இப்போதுதான் படிக்கக் கற்றவர். நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படித்தார். திருப்பியும் பார்த்தார். "விலை இருக்கிறது. டாக்டர் பேர் எங்கே தம்பி?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. முடி நடுவது முடி வெட்டுவது போன்றதல்ல. அது அறுவைச் சிகிச்சை. பின்தலை முடியை வேரோடு எடுத்து முன்தலையில் நடுகிறார்கள். புதிய முடி உண்டாவதில்லை. இடம்தான் மாறுகிறது. வலி தெரியாமல் இருக்க, மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். அந்த மருந்து அளவு மீறினால் வலிப்பு வரலாம். இதயமே நின்றுபோகலாம். புண்ணில் சீழ் பிடிப்பதும் உண்டு.

நட்ட முடி சில வாரங்களில் உதிரும். மூன்று, நான்கு மாதம் கழித்தே மீண்டும் முளைக்கும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். படத்தில் இதெல்லாம் தெரியாது. வெளிச்சத்தை மாற்றிப் படம் எடுத்தாலே பாதி வழுக்கை மறைந்துவிடுமே!

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உரிய பயிற்சியும் பதிவும் பெற்ற டாக்டர்தான் முடி நட வேண்டும். யூடியூபில் பார்த்துக் கற்றது போதாது. இப்படி அது கூறியது. டாக்டரின் பதிவு எண் மருத்துவமனையில் எழுதியிருக்க வேண்டும். ரசீதிலும் இருக்க வேண்டும். இது 2002-ஆம் ஆண்டு விதி.

மறுநாள் இருவரும் அங்கே போனார்கள். "இன்றே முன்பணம் கட்டினால்தான் சலுகை" என்றார் மேசையில் இருந்தவர்.

"முடி இல்லாமல் உயிரா போகிறது? அவசரம் எதற்கு?" என்றார் அக்கா. "டாக்டர் யார்? பதிவு எண் என்ன? அவரே செய்வாரா, ஆள் வைத்துச் செய்வாரா?"

"டாக்டர் வருவார்" என்றார் அவர். கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா இந்தியில் கேட்டார். இல்லை என்றார்கள்.

தம்பி பணத்தை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பார்த்தார். "முடி கொட்டுவது இன்னும் நிற்கவில்லை. முதலில் மருந்து போட்டுப் பார்ப்போம்" என்றார் டாக்டர். சீட்டின் அடியில் அவர் பேரும் பதிவு எண்ணும் இருந்தன. அக்கா இரண்டையும் வாய்விட்டுப் படித்தார்.