கரன்ட் போனாலும் களம் காத்திருக்கும்: பழைய மடிக்கணினிக்கேற்ற போர் விளையாட்டுகள்

மன்னார்குடி வட்டாரத்தில் 'வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் பிளஸ் டூ படிக்கையில் அரசு கொடுத்த மடிக்கணினியாகத்தான் இருக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டம் அது. அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வந்த தொடக்க கால மடிக்கணினிகளில் ரேம் 2 ஜிபி. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கூடவே இருந்தது. வாங்கியவர் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருப்பார், மடிக்கணினி தம்பி கைக்கோ அக்கா பிள்ளை கைக்கோ வந்திருக்கும். பேட்டரி செத்திருக்கும், சார்ஜர் வயரில் டேப் சுற்றியிருக்கும். இதில் என்ன போர் விளையாட்டு ஓடும் என்று கேட்டால், 'பழைய கணினிக்குப் பழைய கேம்' என்பதே வழக்கமான பதில். அது பாதிதான் சரி. கேம் எந்த வருஷத்தது, படம் எவ்வளவு அழகு என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். உங்கள் கணினி மெதுவாக யோசித்தால் அது பொறுத்துக்கொள்ளுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

போர் விளையாட்டுகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் எல்லாப் படையும் ஒரே நேரத்தில் நகரும். ஒவ்வொரு வீரனும் எந்த வழியே போவது, யாரை வெட்டுவது என்பதை நொடிக்குப் பலமுறை கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று முறை வைத்து ஆடுவது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல, உங்கள் முறை முடிந்தால்தான் எதிராளி முறை. நீடாமங்கலம் போகும் வழியில் உள்ள பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் கொண்டிருக்கிறார். அரசன் மகளோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்தார் என்பது தலபுராணம். அவர் ஆடியதும் இந்த இரண்டாவது சாதிதான். இதில் கணினி ஒரு நகர்வுக்கு இருபது நொடி எடுத்தாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. முதல் சாதியில் இரண்டு நொடி திணறினாலே கோட்டை போய்விடும்.

தேர்வுக்கு முன் கணினியின் நிலையைப் பாருங்கள். 'கம்ப்யூட்டர்' ஐகானில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் ரேம் எவ்வளவு, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், டவுன்லோடு செய்யும்போது கேட்கும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஒன்றும் திறக்காத நிலையிலேயே ரேமில் எவ்வளவு தின்னப்படுகிறது என்று கவனியுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால், கணினியோடு தானாகத் தொடங்கும் வேண்டாத நிரல்களை முதலில் நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் காற்று வெளியேறும் துளையையும் பாருங்கள். அறுவடைக் காலத் தூசி அங்கே அடைத்திருந்தால் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எந்த கேம் போட்டாலும் கேமின் மேல்தான் பழி விழும். ரேமை 4 ஜிபி ஆக்குவது நல்ல செலவுதான். ஆனால் உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் படித்து, அதே வகையைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் போட வேண்டியது 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்'. 2003இல் டேவிட் வைட் தொடங்கியது, இன்றுவரை இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 1.14, 1.16, 1.18 என்று இரட்டைப்படை எண்ணில் வருபவை நிலையான பதிப்புகள், ஒற்றைப்படை சோதனைக்கானவை. புதியது உங்கள் விண்டோஸில் ஏற மறுத்தால் ஒரு படி முந்தைய இரட்டைப்படைக்குப் போங்கள். 'அறுகோணக் கட்டமும் பொம்மைப் படமுமாக இருக்கிறதே, இதில் என்ன சுவாரசியம்' என்ற முணுமுணுப்பு நிச்சயம் வரும். ஒரே ஒரு சுற்று ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் பொழுதில் மனிதப் படையின் அடி 25 சதவீதம் கூடும், ராத்திரியில் அதே அளவு குறையும்; ஓர்க் படைக்கு இது அப்படியே தலைகீழ். அந்தி சாயும் நேரம் எதிரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். இப்போதே பாய்ந்தால் நடுராத்திரியில் அவன் பலம் கூடிய நேரத்தில், தண்ணீரில் கால் வைத்தபடி மாட்டிக்கொள்வீர்கள். ஒரு கிராமத்துக்குப் பின்வாங்கினால் காயம்பட்டவனுக்கு முறைக்கு 8 புள்ளி உயிர் திரும்பும், வரியும் வரும். ஆனால் அதுவரை பிடித்த இடம் பறிபோகும். இப்படி ஒரு முடிவை எடுக்கப் பத்து நிமிஷம் திரையை வெறித்துப் பார்க்க வைக்கும் ஆட்டத்தைச் சுவாரசியம் இல்லை என்று எப்படிச் சொல்வது? தொடக்கத்துக்கு 'இரு சகோதரர்களின் கதை' என்ற குறுந்தொடர் போதும்.

அடுத்தது ஃப்ரீசிவ். சித் மேயரின் 'சிவிலைசேஷன்' 1991இல் வந்தது. அதன் வழியில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் எழுதி 1996இல் வெளியிட்டது இது. அந்தக் காலத்துக் கணினிக்காக எழுதப்பட்டதன் வாரிசு என்பதால் 2 ஜிபி ரேம் இதற்குத் தாராளம். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சுகம்: நினைத்த நிலத்தில் பாசனம் செய்ய முடியாது. பக்கத்துக் கட்டத்தில் ஆறோ ஏரியோ கடலோ, ஏற்கனவே பாசனம் பெற்ற நிலமோ இருந்தால்தான் வாய்க்கால் வெட்டலாம். ஆற்றிலிருந்து கட்டம் கட்டமாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகாத ஊர் பெருகாது, பெருகாத ஊரிலிருந்து படையும் வராது. போர் முனையில் தோற்பவர்கள் பலர், நாற்பது முறைக்கு முன்பே கடைமடையில் தோற்றவர்கள்தான். ஒரு எச்சரிக்கை: முதல் ஆட்டத்தில் உலகத்தின் அளவைச் சிறியதாக வையுங்கள், எதிராளி மூன்று பேர் போதும். பெரிய உலகத்தில் பின்பாதி முறைகள் பழைய கணினியில் நத்தையாக நகரும்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வேண்டும்' என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. 1999இல் வந்த இரண்டாம் பாகம் 32 எம்பி ரேமில் ஓடியது; இந்த மடிக்கணினி அதை ஊதித் தள்ளும். ஆனால் அவர்கள் யூடியூபில் பார்த்து ஆசைப்படுவது பெரும்பாலும் புதிய 'டெஃபினிடிவ்' பதிப்பு. ராஜேந்திர சோழன் வருவது அதன் 2022ஆம் ஆண்டுக் கூடுதல் தொகுப்பில்தான், அதற்கு 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும். ஸ்டீம் என்ற இணையக் கடை வழி வாங்கலாம் என்றால், 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் ஸ்டீம் கைவிட்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனின் புதுக் கணினியோடு சேர்ந்து ஆடலாமே என்பது அடுத்த வாதம். அங்கேதான் சிக்கல். இந்த வரிசையின் தொடக்க கேம்களை எழுதியவர்களே விளக்கியிருக்கிறார்கள்: நெட்வொர்க்கில் போவது கட்டளைகள் மட்டும், போரை ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக, ஆனால் ஒரே சீராக நடத்திக்கொள்கிறது. ஆகவே மெதுவான கணினிக்காக மற்றவை காத்திருந்தே ஆக வேண்டும். உங்கள் மடிக்கணினி திணறினால் பக்கத்து வீட்டிலும் குதிரை நொண்டும்.

எல்லாப் படையும் ஒரே நேரத்தில் நகரும் அந்த முதல் சாதியே வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு இலவச வழிகள். 1999இல் கடைக்கு வந்து, 2004இல் மூல நிரல் திறந்துவிடப்பட்ட 'வார்சோன் 2100' ஒன்று. மௌரியர் படையும் உள்ள '0 ஏ.டி.' இன்னொன்று. இரண்டாவதை 4 ஜிபி இல்லாமல் தொடாதீர்கள். தொட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே மக்கள்தொகை வரம்பை 100க்குள் குறையுங்கள், நிழல்களையும் தண்ணீர் அலங்காரங்களையும் அணைத்துவிடுங்கள். நிழலை மட்டும் அணைத்துவிட்டு வரம்பை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கூட்டம் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் வழி தேடும் கணக்குதான் கணினியை உட்கார வைக்கிறது.

பென் டிரைவில் கைமாறி வரும் 'கிராக்' கேம் எதற்கும் ஆசைப்படாதீர்கள். வைரஸ் எதிர்ப்பை அணைத்தால்தான் ஓடுவேன் என்று சொல்லும் நிரலை, பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 7இல் போடுவது வாசல் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். பரீட்சை நேரத்தில் போர் விளையாட்டா என்று கேட்கும் பெற்றோருக்கும், முறை வைத்து ஆடும் சாதிதான் ஏற்றது. 'சாப்பிட வா' என்று அம்மா கூப்பிட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழலாம். பேட்டரி செத்த கணினியில் கரன்ட் போனால் திரையும் அந்த நொடியே போய்விடும். ஆனால் வெஸ்நோத் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஆட்டத்தைத் தானாகச் சேமித்து வைக்கிறது. கரன்ட் வந்ததும் 'லோட்' பட்டியலில் கடைசியாகச் சேமித்ததைத் திறந்தால், இழந்தது ஒரு முறைதான்.

வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒரே மடிக்கணினியும் என்றால், வெஸ்நோத்தில் மல்டிபிளேயர் போய் 'லோக்கல் கேம்' தேர்ந்தெடுங்கள். இரு அணியையும் மனிதர்களுக்கே கொடுத்து, சிறிய வரைபடமாக எடுத்துக்கொள்ளுங்கள். இணையம் தேவையில்லை. அக்கா முறை முடிந்ததும் மௌஸ் தம்பி கைக்குப் போகும்.