முள்ளா, பாலா? அரியாலை வீடுகளுக்கான கள்ளிக் குறிப்புகள்

கடையில் வாங்கிய கக்டஸ் அரியாலையில் அழுகுவது பெரும்பாலும் கார்த்திகையில்தான். சித்திரை வெயிலைத் தாங்கிய செடி மழையில் போய்விடும். சாடியில் ஒட்டியிருக்கும் 'கிழமைக்கு ஒருதரம் தண்ணீர்' என்ற துண்டை நம்பாமல், எங்கள் காலநிலையைப் பார்த்து வளர்ப்பதற்கான குறிப்புகள் இவை.

1. முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். முள் எல்லாம் கக்டஸ் இல்லை. கக்டஸில் முள் முளைக்கும் இடத்தில் பஞ்சுப் பொட்டுப் போல ஒரு சின்ன மெத்தை இருக்கும். முள்ளும் பூவும் அதிலிருந்துதான் வரும். சதுரக்கள்ளியில் அந்த மெத்தை இல்லை, முள் சோடி சோடியாக நிற்கும். சந்தேகமென்றால் ஊசியால் மெல்லக் குத்திப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் பெரும்பாலும் அது கள்ளி இனம்.

2. அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கசக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருகுகள்ளி வெட்டும்போது கண்ணாடி போடுவது நல்லது, பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்.

3. வேலியோரத்தில் நிற்பவற்றை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். நாகதாளி அமெரிக்காவிலிருந்து வந்த அசல் கக்டஸ். மருளும் சதுரக்கள்ளியும் இந்த மண்ணுக்கே உரியவை. முள்ளே இல்லாமல் இலை போலத் தொங்கி, இரவில் மட்டும் வெள்ளையாகப் பூக்கும் கடுபுல்லும் கக்டஸ்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அது காட்டு மரங்களில் தொற்றி வளரும் இனம்; அதற்கு நிழலும் கொஞ்சம் ஈரமும் வேண்டும்.

4. கற்றாழையையும் ஆனைக்கற்றாழையையும் மாற்றிவிடாதீர்கள். மடலை முறித்தால் கற்றாழையில் வழுவழுப்பான சோறு வரும். ஆனைக்கற்றாழையில் நார் இழுபடும், நுனியில் ஊசி போல் ஒரு முள் நிற்கும், சாறு தோலை அரிக்கும். முகத்தில் பூசுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஐப்பசி பிறந்ததும் சாடிகளை முற்றத்திலிருந்து தாழ்வாரத்துக்கோ விறாந்தைக்கோ மாற்றுங்கள். தை பிறந்த பிறகு வெளியே எடுக்கலாம். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை மூழ்கடித்ததைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நிலத்தில் வைக்காமல் கல் அடுக்கி மேலே வையுங்கள்.

6. தண்ணீர் விடலாமா என்பதை ஈர்க்கு சொல்லும். தென்னை ஈர்க்கு ஒன்றைச் சாடியின் அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் விட்டு இழுங்கள். மண் ஒட்டி வந்தால் இன்னும் வேண்டாம். காய்ந்து வந்தால் ஓட்டையால் வழியுமட்டும் விடுங்கள். தினமும் ஒரு கை தெளிப்பதுதான் மோசம்: மேலே ஈரம், வேருக்கு ஒன்றுமில்லை.

7. மண்ணுக்குப் பெரிய செலவில்லை. வீடு கட்டி மிஞ்சிய மணல் இரண்டு பங்கு, கோப்பாய், உரும்பிராய்ப் பக்கச் செம்மண் ஒரு பங்கு, உடைத்த ஓட்டுத்துண்டும் சிரட்டைக் கரியும் ஒரு பங்கு. கடற்கரை மணலில் உப்பு இருக்கும், தவிருங்கள். தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மாரிக்கு ஆகாது.

8. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுபவை. சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். சவர்த் தண்ணீரென்றால் இன்னும் கேடு. மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து, மூடியுள்ள கானில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. வெயில் விழும் பக்கம் வருடத்துக்குள் மாறும். சித்திரைப் புதுவருடத்தை ஒட்டி நடுப்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆவணி நடுப்பகுதி மட்டும் அது சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் நிழலாகக் கிடந்த வடக்கு விறாந்தைக்கு அப்போது வெயில் வரும். அங்கே வைத்த செடி திடீரென வெந்து வெளிறும். வெந்த இடம் திரும்பப் பச்சையாகாது. தகரக் கூரைக்கும் சீமெந்துச் சுவருக்கும் கிட்ட வைத்தால் சூடு இரட்டிப்பு.

10. கடனீரேரி தெற்கே இருப்பதால் சோளகம் அடிக்கும் மாதங்களில் உப்பும் தூசியும் இலையில் படியும். நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவி விடுங்கள். ஆனால் ரோசாப்பூ வடிவச் சக்கியுலன்டில் இருக்கும் வெள்ளை மாவைத் துடைக்கக் கூடாது. அது செடியே போட்டுக்கொண்ட மெழுகுப் பூச்சு.

11. அந்த ரோசாப்பூ வகைகள் மலைநாட்டுக் குளிருக்குப் பழகியவை. கக்டஸ், சக்கியுலன்ட் எல்லாம் பெரும்பாலும் இரவில்தான் மூச்சுத்துளைகளைத் திறக்கும். வைகாசியில் எங்கள் இரவே வெக்கை என்பதால் குளிருக்குப் பழகிய வகைகள் திணறும். காசை அதில் போடுவதை விட மருள், கற்றாழை, அடினியம், பத்துமணிப்பூ வாங்கலாம் என்பேன். சிவப்பு, மஞ்சள் உருண்டைத் தலைக் கக்டஸும் அப்படித்தான். அந்தத் தலையில் பச்சையமே இல்லை, கீழே ஒட்டியிருக்கும் முக்கோணத் தண்டு உணவு கொடுக்கும்வரைதான் அதன் வாழ்வு.

12. வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருந்தால் ஈர்க்கால் சுரண்டி நசுக்கிப் பாருங்கள். குங்குமம் போலச் சிவந்தால் அது கொச்சினீல் பூச்சி. சாயத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பனி சென்னையில் வளர்க்கப் பார்த்தது இந்தக் குடும்பத்தைத்தான். 1860களில் இலங்கையில் பெருகிய சப்பாத்திக்கள்ளி ஒன்றை அழிக்கத் தென்னிந்தியாவிலிருந்து இதைக் கொண்டுவந்து விட்டார்கள். களையைக் கொல்ல ஒரு நாட்டிலிருந்து பூச்சியை இறக்கிய மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று. சிவக்காவிட்டால் மாவுப்பூச்சி. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பஞ்சில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள், பின்னேரத்தில்.

13. நாகதாளியின் பெரிய முள்ளை விடச் சுணைதான் தொல்லை. கையில் ஏறினால் தேய்க்காமல் செலோ டேப்பை ஒட்டி இழுங்கள்.

14. சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். மாரி முடியும் நேரம்தான் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும் காலம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் முதலில் தட்டைத்தான் தூக்குவார்.

15. கிளை வெட்டி நடுவதற்குத் தை, மாசி நல்லது. வெட்டிய வாயை ஒரு கிழமை நிழலில் காயவிட்டுத்தான் நடவேண்டும். ரணகள்ளிக்கு அதுவும் வேண்டாம். இலையை நூலில் கட்டித் தொங்கவிட்டாலே விளிம்பில் குட்டி போடும். ரணகள்ளி, அடினியம் வெட்டிய துண்டுகளை ஆடு மேயும் இடத்தில் எறியாதீர்கள், இரண்டும் நஞ்சு.

16. கனடாவிலிருந்து வரும் மாமி பையில் ஒரு கக்டஸ் கொண்டுவரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லாக் கக்டஸ் இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை. செடிக்கு நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாவிட்டால் கட்டுநாயக்காவிலேயே பறிபோகும். மாமிக்கு வேறு வேலை கொடுக்கலாம்: முள்ளுக்குத் தாங்கும் நல்ல தோல் கையுறை ஒரு சோடி.