அயல்நாட்டுக் குடிக்கூலியும் நாணய வேற்றுமையும்

கல்வி கருதியேனும் தொழில் கருதியேனும் வேற்றுநாடு செல்வோர் ஆங்குக் குடியிருக்க மனை தேடுங்கால், கூலி எவ்வளவு என்பதையே முதலில் வினவுவர். அக்கூலி எந்நாட்டு நாணயத்திற் குறிக்கப்பட்டுள்ளது, எந்நாணயத்திற் செலுத்தப்படல் வேண்டும், இரண்டும் வேறாயின் மாற்று விகிதம் யாது என்பவற்றை வினவுவார் சிலரே. தொகையினும் இவையே சில வேளை பெரியனவாய் முடியும். இதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

நம் நாட்டு நிகழ்ச்சியொன்றை முதற்கண் நோக்குவோம். 1966-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் இந்திய அரசாங்கத்தார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தனர். அதுவரை 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த அமெரிக்க டாலரின் விலை 7 ரூபாய் 50 காசாயிற்று. அமெரிக்காவில் மாதம் 50 டாலர் வாடகைக்கு ஓர் அறையெடுத்துப் பயின்ற மாணவன் ஒருவனுக்குத் தந்தை ஊரிலிருந்து பணம் அனுப்பி வந்ததாகக் கொள்வோம். முன் திங்களில் 238 ரூபாய் அனுப்பியவர், அடுத்த திங்களில் 375 ரூபாய் அனுப்ப வேண்டியவராவர். அறை அதுவே; வீட்டுக்காரர் ஒரு காசும் ஏற்றினாரல்லர். ஈட்டும் நாணயம் ஒன்றும் கொடுக்கும் நாணயம் வேறுமாக இருப்பவன், குடிக்கூலியோடு நாணயத்தின் ஏற்ற இறக்கத்தையும் தன் தலைமேற் சுமக்கின்றான்.

இதனைத் தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா நாட்டாரைப்போற் பட்டறிந்தோர் அரியர். அந்நாட்டுத் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸில் வீடு வாங்குவோரும் விற்போரும் தம் நாட்டுப் பேசோவில் விலை பேசுவது அரிது. அமெரிக்க டாலரிற் பேசி, பெரும்பாலும் நோட்டாகவே எண்ணிக் கொடுப்பர். விலைவாசி விரைந்தேறும் நாட்டிற் சேமிப்பைப் பேசோவாக வைத்தல், திறந்த தட்டிற் கற்பூரம் வைத்தது போலாகும் என்பது அவர் கருத்து. ஆயின் அம்மக்களுட் பெரும்பாலார் சம்பளம் பெறுவது பேசோவிலேதான். வீட்டுக்காரர் டாலரை விரும்ப, குடியிருப்போர் பேசோவை விரும்ப, அரசாங்கம் ஒருகால் இப்பக்கமும் ஒருகால் அப்பக்கமும் சாய்ந்து வந்துள்ளது.

1991-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, 1992 முதல் வழங்கிய பேசோ ஒன்று டாலர் ஒன்றுக்குச் சமமென நிறுத்தப்பட்டது. அக்காலத்திற் பத்திரம் எந்நாணயத்தில் இருந்தாலென்ன என்று மக்கள் எண்ணினர். 2001 டிசம்பரில், பாங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பேசோவுக்கு மேல் ரொக்கமாக எடுத்தல் தடுக்கப்பட்டது. 2002 ஜனவரியில் அச்சமநிலை கைவிடப்பட்டது. அவ்வாண்டின் நடுவில் டாலர் ஒன்று மூன்று பேசோவுக்கு மேற் போயிற்று. டாலரில் எழுதிய வாடகைகளை என் செய்வது? ஒரு டாலருக்கு ஒரு பேசோ என்றே மாற்றிக் கொள்க என்று அரசாங்கம் விதித்தது. பின்னர்ச் சிறிது சரிக்கட்டப்பட்டதாயினும், அன்று குடியிருந்தோர் பிழைத்தனர், வீட்டுக்காரர் இழந்தனர் என்றே கூறல் வேண்டும்.

2020-இல் வந்த வாடகைச் சட்டம், குறைந்த தவணை மூன்றாண்டு என்றும், கூலியேற்றம் ஆண்டுக்கொருமுறை, விலைவாசியையும் சம்பளத்தையும் சேர்த்துக் கணித்த குறியெண்ணின்படி என்றும் வகுத்தது. கருத்து நல்லதே. ஆயின் 2023-ஆம் ஓராண்டில் மட்டும் விலைவாசி 211 விழுக்காடு ஏறிற்று. அத்தகைய காலத்தில் ஆண்டுக்கொருமுறை ஏற்றத்திற்கு எவ்வீட்டுக்காரர் மனமுவந்து இசைவர்? மனையைப் பூட்டி வைத்தோரும், சுற்றுலா வருவோர்க்கு டாலருக்கு விட்டோரும் பலர். அவ்வாண்டு டிசம்பரில், புதிய அதிபர் ஹவியேர் மிலேய் பிறப்பித்த 70-ஆம் எண் ஆணை அச்சட்டத்தை நீக்கிற்று. முன்பு டாலர்க் கடனைச் சம மதிப்புள்ள பேசோவால் தீர்க்கச் சிவில் சட்டம் இடந்தந்தது. இவ்வாணைக்குப்பின், டாலர் என்றெழுதினால் டாலரே கொடுத்தல் வேண்டும். கையொப்பமிடுவோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

அந்நகரில் அயலார் நெடுங்காலக் குடியிருப்புப் பெறுதல் எளிதன்று. ஆங்கே சொந்த வீடுடையார் ஒருவர் பிணை நிற்றல் வேண்டுமென்பது வழக்கம். நேற்று வந்தவனுக்குப் பிணை நிற்பார் யார்? ஆதலின் தட்டுமுட்டுப் பொருள்களோடு சில திங்களுக்கு விடப்படும் மனைகளையே அவர் நாடுவர். அவற்றின் விலை பெரும்பாலும் டாலரிலேயே கூறப்படும். நம்மவராயின், ரூபாயை டாலராகவும் டாலரைப் பேசோவாகவும் இருமுறை மாற்ற நேரிடும். ஒவ்வொரு மாற்றிலும் வட்டம் போகும். டாலர் நோட்டிலுங்கூட உயர்வு தாழ்வு உண்டு! 1996-க்கு முந்திய நூறு டாலர் நோட்டிலுள்ள தலையுருவம் சிறிது; அதனைச் 'சிறுமுகம்' என்பர். அமெரிக்க அரசாங்கம் பழையதையும் புதியதையும் ஒப்ப மதிப்பினும், புவெனஸ் அயர்ஸ் தெருவிற் சிறுமுகத்துக்கு மதிப்புக் குறைவு.

2011 முதல் 2015 வரையும், மீண்டும் 2019 முதல் 2025 ஏப்ரல் வரையும், பொதுமக்கள் டாலர் வாங்குதற்குத் தடைகள் இருந்தன. அதனால் அரசாங்க விகிதம் ஒன்றும் தெரு விகிதம் ஒன்றுமாக இரண்டு தோன்றின. தெரு டாலருக்கு 'நீல டாலர்' என்று பெயர். அதனை மாற்றும் மறைவிடம் 'குகை'. ஃப்ளோரிடா வீதியில் நின்று கூவியழைப்போர் 'சிறுமரங்கள்'. பெயர்கள் இனியனவே, செயல் சட்டத்துக்குப் புறம்பு. டாலரோடு வந்த அயலார் அந்நாளில் மலிவாக வாழ்ந்தனர். எனினும் டாலருடையார்க்கு எந்நாளும் ஆதாயமே என்பது பொருந்தாது. 2024-இற் பேசோ விலைகள் 118 விழுக்காடு அளவு ஏறின. தெருவில் டாலர் ஏறியதோ அதிற் சிறு பங்கே. டாலரில் ஈட்டிப் பேசோவிற் கூலி கொடுத்தோர்க்கும் அவ்வாண்டில் நகரம் அருவிலையாயிற்று.

ஆகவே, கூடுமானால் ஈட்டும் நாணயத்திலேயே குடிக்கூலியைப் பேசிக் கொள்ளுதல் நலமென்று கருதுகின்றோம். கூடாதாயின், '400 டாலருக்கு ஈடான பேசோ' என்றெழுதி நின்றுவிடலாகாது. எந்நாளின் விகிதம், எப்பாங்கி அறிவிப்பது, வாங்கும் விலையா விற்கும் விலையா என்பனவும் பத்திரத்தில் ஏறுதல் வேண்டும். முன்பணத்தையும் மறத்தலாகாது. பேசோவாகக் கொடுத்த தொகை சில ஆண்டு கழித்து அதே எண்ணில் திரும்புமாயின், அது பெயரளவிலேயே முன்பணம். 2020-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை உணர்ந்து, முன்பணத்தைக் கடைசித் திங்கட் கூலியின் அளவிலே திருப்பித் தருக என்று விதித்திருந்தது. அச்சட்டம் நீங்கியபின், தொகை எவ்வளவு, எந்நாணயம், எவ்வாறு திரும்பும் என்பன இரு சாராரும் பேசி எழுதிக் கொள்வதைப் பொறுத்தனவாயின.